குண்டு நூல்ல ஒரு ஷால், குரோஷே இப்பதான் கத்துக்கிறவங்களுக்கு

நம்ம தென்னாப்பிரிக்காவுல ஆடி மாசம்னா நடு விண்டர். இந்தியாவுல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க, ஆனா ஜூலை மாசம் விடியக்காலையில மாரியம்மன் கோயில் போரிஜ் பிரேயருக்கு, அதாவது கூழ் ஊத்துற பூஜைக்கு வந்து வெளியில நின்னு பாருங்க, டர்பன்லயே புடவைக்கு மேல ஒண்ணு போத்திக்காம முடியாது, பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேஷியாவுல இருக்கிறவங்க கதை இன்னும் மோசம். அதுக்கு ஏத்த ஷால்தான் இது. ரெண்டே தையல், ஒரே வரிசை, அதையே திரும்பத் திரும்பப் போட்டுட்டே போகணும். பொடிப்பொடியா மேடு பள்ளமா வர்ற அந்த டெக்ஸ்சர் தானா வந்துடும், அதுக்குன்னு நீங்க தனியா ஒண்ணும் பண்ண வேணாம்.

என்னென்ன வேணும்

குண்டு நூல், கடையில chunky-ன்னு கேளுங்க, லேபிள்ல 5-ஆம் நம்பர் போட்டிருக்கும். சுமார் 600-ல இருந்து 700 கிராம் பிடிக்கும், அதனால 100 கிராம் உருண்டையா ஏழு வாங்கிடுங்க. எல்லாத்துலயும் டை லாட் நம்பர் (ஒரே தடவையில சாயம் போட்டதுக்குக் குடுக்கிற நம்பர்) ஒண்ணா இருக்கான்னு கடையிலயே பாத்துடுங்க, வீட்டுக்கு வந்து பாத்தா பாதி ஷால் ஒரு ஷேடு பாதி வேற ஷேடுன்னு பல்லிளிக்கும். கலர் கொஞ்சம் வெளுப்பா எடுங்க. கருப்பு, நேவி ப்ளூல எல்லாம் தையலோட ஓட்டை கண்ணுக்கே தெரியாது, அதுலயும் கரண்ட் போன நேரத்துல டார்ச் வெளிச்சத்துல பின்னணும்னா சொல்லவே வேணாம்.

மொஹேர் நூல் அழகாத்தான் இருக்கும், உலகத்துல வர்ற மொஹேர்ல சுமார் பாதி நம்ம நாட்டு ஆடுங்ககிட்ட இருந்துதான் போகுது, அதனால ஆசை வரும். ஆனா முதல் ஷாலுக்கு வேணாம். அதோட முடி ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும், பிரிக்கணும்னா உயிரை வாங்கிடும். அக்ரிலிக் விலை கம்மி, துவைக்கவும் சுலபம். ஒரே ஒரு விஷயம், அக்ரிலிக் நெருப்பு பட்டா உருகித் தோல்லயே ஒட்டிக்கும், ஆரத்தி கற்பூரம் கிட்ட போறப்போ முந்தியை இழுத்துச் செருகிக்கிற மாதிரி ஷாலையும் செருகிக்கோங்க.

ஹூக்குதான் இதுல முக்கியமான விஷயம். லேபிள்ல 8 மிமீன்னு போட்டிருந்தாலும் நீங்க 10 மிமீ எடுங்க. குண்டு நூலை அதுக்குச் சொன்ன ஹூக்லயே போட்டா மிதியடி மாதிரி வெறச்சுப் போய் நிக்கும், தோள்ல விழாது. இது போக கத்திரி, பெரிய காது வச்ச மொட்டை ஊசி, அவ்ளோதான்.

ரெண்டு தையல்

குட்டைத் தையல்: ஹூக்கை ஓட்டைக்குள்ள விட்டு, நூலைச் சுத்தி, வெளிய இழுங்க. ஹூக்ல இப்ப ரெண்டு வளையம் இருக்கும். திரும்ப நூலைச் சுத்தி ரெண்டு வழியாவும் ஒரே இழுப்பா இழுத்துடுங்க.

நெட்டைத் தையல்: முதல்லயே ஹூக்ல நூலை ஒரு சுத்து சுத்திக்கிட்டு அப்புறம் உள்ள விடுங்க. நூலைச் சுத்தி வெளிய இழுத்தா மூணு வளையம் நிக்கும். நூலைச் சுத்தி ரெண்டு வழியா இழுங்க, மறுபடி சுத்தி மிச்ச ரெண்டு வழியா இழுங்க.

யூடியூப்ல அமெரிக்காக்காரங்க இதையே சிங்கிள், டபுள்னு சொல்லுவாங்க, நம்ம ஆயாங்க வச்சிருக்கிற பழைய பிரிட்டிஷ் பேட்டர்ன் புக்ல டபுள், ட்ரெபிள்னு இருக்கும், ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு குழம்பாதீங்க.

இனி பின்னலாம்

ஹூக்ல ஒரு சுருக்கு முடிச்சு மாட்டிக்கிட்டு, நூலைச் சுத்தி அந்த வளையம் வழியா இழுத்தா அது ஒரு செயின். இப்படி 41 செயின் போடுங்க, நல்லா லூசா. அடி செயின் இறுக்கமா இருந்தா ஷால் கீழ சுருங்கி மேல விரிஞ்சு நிக்கும்.

ஹூக்ல இருந்து ரெண்டாவது செயின்ல ஒரு குட்டை, அடுத்ததுல ஒரு நெட்டை, அடுத்ததுல குட்டை, அப்புறம் நெட்டை, இப்படியே கடைசி வரைக்கும். முடிக்கிறப்போ நெட்டையிலதான் முடியணும், எண்ணினா 40 இருக்கணும்.

இப்ப ஒரு செயின் போட்டுத் திருப்புங்க. அந்த ஒரு செயினை எண்ணிக்கையில சேக்காதீங்க, அதுக்குள்ள தையலும் போடாதீங்க. முதல்ல நிக்கிற நெட்டை தலையில குட்டை, அடுத்த குட்டை தலையில நெட்டை. மொத்த ஷாலும் இதுதான்! குட்டை மேல நெட்டை, நெட்டை மேல குட்டை. நெட்டையை ரெண்டு பக்கமும் குட்டை அமுக்குறதால அது உள்ள நிக்க இடமில்லாம வெளிய புடைச்சுக்கும், அந்தப் புடைப்புதான் டெக்ஸ்சர், முன்பக்கம் பின்பக்கம்னு வித்தியாசமே இருக்காது, எப்படிப் போத்தினாலும் அழகா இருக்கும்.

ஒவ்வொரு வரிசையும் குட்டையில ஆரம்பிச்சு நெட்டையிலதான் முடியும். கடைசியில குட்டை வந்து நின்னா எங்கயோ ஒரு தையல் விட்டுப்போச்சு இல்ல கூடிப்போச்சு. அந்த வரிசையை அங்கயே பிரிச்சுடுங்க, குண்டு நூல், நிமிஷத்துல திரும்பப் போட்டுடலாம், அப்புறம் பாத்துக்கலாம்னு போனா ஓரம் கோணல்மாணலா போயிடும்.

உருண்டை தீர்ந்தா முடிச்சுப் போடாதீங்க, இந்த நூல்ல முடிச்சு கல்லு மாதிரி உறுத்தும். வரிசையோட கடைசி நெட்டையில, கடைசி இழுப்பை மட்டும் புது நூலால இழுங்க. ரெண்டு நுனியும் 15 சென்டிமீட்டர் தொங்கட்டும், பின்னாடி மொட்டை ஊசியில கோத்து முதல்ல ஒரு பக்கம், அப்புறம் திரும்பி எதிர்ப்பக்கம் உள்ள நுழைச்சுடுங்க.

அகலம் 45 சென்டிமீட்டர் கிட்ட வரும், உங்க கை இறுக்கத்தைப் பொறுத்து கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். நீளம் 150 வர்ற வரைக்கும் போங்க, வரிசை எண்ண வேணாம், தோள்ல போட்டுக் கண்ணாடியில பாத்தாலே தெரியும். அகலம் வேற வேணும்னா எந்த இரட்டைப்படை எண்ணிக்கையும் எடுத்துக்கலாம், செயின் மட்டும் அதைவிட ஒண்ணு கூடப் போடணும். இதே கணக்குல பெருசா போட்டா போர்வை, ஜூலை 18 மண்டேலா டேக்கு இல்லாதவங்களுக்குப் போர்வை சேத்துக் குடுக்கிற 67 பிளாங்கெட்ஸ் காரங்களுக்குக் குடுக்கப் பின்றவங்களும் இதைத் தாராளமா எடுத்துக்கலாம்.

அயர்ன் பாக்ஸை அக்ரிலிக் மேல வைக்கவே வைக்காதீங்க, டெக்ஸ்சர் எல்லாம் செத்துத் தட்டையாயிடும். துவைச்சா டவல்ல சுருட்டி அமுக்கித் தண்ணிய எடுத்துட்டு, படுக்கப் போட்டுக் காய வைங்க. ஈரத்தோட கொடியில தொங்கவிட்டா இந்த வெயிட்டுக்கு நீண்டு முழங்கால் வரைக்கும் வந்துடும்.