காட்மியம்-130 வழியாக: கனமான தனிமங்கள் பிறக்கும் பாதையை வரைவது எப்படி

வேக நியூட்ரான் பிடிப்பை, அதாவது அணுக்கரு நியூட்ரான்களை மளமளவென்று விழுங்கிக் கனமாவதை, படித்துப் புரிந்துகொள்வதைவிட வரைந்து புரிந்துகொள்வதே சுலபம் என்பது என் கட்சி. கட்டத்தாளும் பென்சிலும் போதும். கிடையாக நியூட்ரான் எண்ணிக்கை, செங்குத்தாகப் புரோட்டான் எண்ணிக்கை. ஒவ்வொரு கட்டமும் ஓர் அணுக்கரு.

நகர்வுகள் இரண்டே. நியூட்ரானைப் பிடித்தால் ஒரு கட்டம் வலப்பக்கம். பீட்டா சிதைவு என்றால் நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறுகிறது. ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் இடப்பக்கம்.

பழகுவதற்கு இரும்பு-56இல் தொடங்குங்கள்: 30 நியூட்ரான், 26 புரோட்டான். முதிர்ந்த விண்மீன்களுக்குள் அடுத்த நியூட்ரான் வருவதற்குள் நிலையற்ற கரு பெரும்பாலும் சிதைந்துவிடும். அதனால் அந்த மெதுவான பாதை நிலையான கருக்களை ஒட்டியே போய் பிஸ்மத்-209இல் நின்றுவிடுகிறது. வேகப் பாதையில் நியூட்ரான்கள் வந்து குவியும். சிதைய நேரமே கிடைக்காது. பென்சிலை வலப்பக்கமாக இழுத்துக்கொண்டே போங்கள்.

82 நியூட்ரானில் நிறுத்தி, நிதானமாக வரையுங்கள். அங்கே கூடு, அதாவது கருவுக்குள் நியூட்ரான்கள் அமரும் அடுக்கு, நிரம்பிவிட்டது. 83ஆவது ஒட்டினாலும் வெப்ப ஒளித்துகள் அதை உடனே உதிர்த்துவிடும். வேறு வழியில்லை, பீட்டா சிதைவு வரை காத்திருக்க வேண்டும். சிதைந்தால் 81, உடனே ஒன்றைப் பிடித்து மறுபடி 82. இப்படியே கோடு செங்குத்தாக ஏறும். அதில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் காட்மியம்-130. அதன் அரை ஆயுள் சுமார் 0.13 வினாடி, இந்தப் பாதையில் அது ஒரு நீண்ட தாமதம். சரக்கு அங்கே தேங்கிவிடுகிறது.

நியூட்ரான் தீர்ந்த பிறகு சிதைவு மட்டும்தான். நிறை எண் 130 மாறாமல் இண்டியம், வெள்ளீயம், ஆன்டிமனி, கடைசியில் டெல்லூரியம்-130. சூரியக் குடும்பத்தின் தனிம அளவுகளை வரைந்தால் 130 அருகே ஒரு மேடு தெரிவது இதனால்தான். மெதுவான பாதையும் 82இல் தடுமாறும். ஆனால் நிலையான கருக்களின் ஓரமாக வருவதால் அதன் மேடு பேரியம்-138 பக்கம் விழுகிறது. 1957இல் பர்பிட்ஜ் தம்பதி, ஃபௌலர், ஹாய்ல் ஆகிய அறிவியலாளர்கள் நால்வரும், தனியாகக் கேமரனும், இரண்டு வழிகள் வேண்டும் என்று சொன்னதற்கு இப்படிப்பட்ட இரட்டை மேடுகள் முக்கியமான ஆதாரம். எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

அப்புறம் 126 நியூட்ரானில் இதையே நீங்களே செய்து பாருங்கள். 69 புரோட்டான் கொண்ட துலியம்-195இலிருந்து ஒன்பது சிதைவில் பிளாட்டினம்-195 வரும். தங்கம்-197 அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு நியூட்ரான் எங்கே கிடைக்கும்? ஓரிடம் உறுதியாகத் தெரியும்: நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதும் இடம். 2017 ஆகஸ்ட் 17 அன்று சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் நடந்த அப்படியொரு மோதலின் ஈர்ப்பு அலைகளை லைகோ, விர்கோ என்ற உணர்கருவிகள் பதிவு செய்தன. அதன் ஒளியில் ஸ்ட்ரான்ஷியத்தின் தடயத்தை 2019இல் அடையாளம் கண்டார்கள். உங்கள் தாளில் அது 38ஆவது வரிசை, குறித்துக்கொள்ளுங்கள்.