பால் காய்ச்சியாச்சு, மொய்யும் வந்தாச்சு: சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

புது வீட்டு விசேஷம் முடிந்து பந்தலையும் பிரித்தாகிவிட்டது. ஹால் மூலையில் பாத்திரங்கள், பீரோவில் மொய்க் கவர்கள். கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "நன்றி அத்தை" என்று மொட்டையாகச் சொன்னால் "என்னடா, மூணாம் மனுஷி மாதிரி பேசுற" என்பார்கள். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் அடுத்த கல்யாண வீடு வரை அதுதான் பேச்சு. மதுரைப் பக்கம் நாங்கள் செய்கிற முறை இது.

1. கவர் பிரிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரிக்க, இன்னொருவர் எழுத வேண்டும். பெயர், ஊரோடு முறையையும் எழுதுங்கள். "முருகேசன், திருமங்கலம்" என்று மட்டும் எழுதினால் எந்த முருகேசன் என்று அடுத்த வருஷம் தெரியாது. "பெரியத்தை மருமகன்" என்று சேர்த்தால் தெரியும். செயலி, எக்செல் எல்லாம் அப்புறம். முதலில் நீள நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும்தான். ஜெல் பேனா வேண்டாம், ஈரக் கை பட்டால் போச்சு. கணக்கு முடியும்வரை காலிக் கவரைத் தூக்கிப் போடாதீர்கள்.

2. கொடுத்தனுப்பிய மொய். சிக்கலே இதில்தான். வர முடியாதவர்கள் யாராவது ஒருவர் கையில் கொடுத்து விட்டிருப்பார்கள். அவர் சட்டைப் பையில் ஐந்தாறு கவரோடு வருவார். அவசரத்தில் எல்லாமே கொண்டுவந்தவர் பெயரில் ஏறிவிடும். கொடுத்தவருக்கோ பணம் சேர்ந்ததா என்றே தெரியாது. கேட்கவும் கூச்சம், கேட்டால் கொண்டுபோனவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் போன் வரிசையில் இவர்கள்தான் முதலில், தாய்மாமனுக்கும் முன்னால். "சித்தப்பா, தம்பிகிட்ட கொடுத்து விட்டது வந்து சேர்ந்துருச்சு. நீங்கதான் வராமப் போயிட்டீங்க." இவ்வளவு போதும். வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதைக் கட்டாயம் சொல்லுங்கள், அதைக் கேட்கத்தான் அவர் காத்திருப்பார்.

ஜிபேயில் அனுப்பியவர்களுக்கும் இதேதான். அந்தப் பணத்தை நோட்டில் ஏற்ற மறந்துவிடுவோம். அன்றிரவே வங்கிக் கணக்கைப் பார்த்து எழுதிவிடுங்கள்.

3. போனில் தொகையைப் பேசாதீர்கள். பொருள் என்றால் அது புழக்கத்துக்கு வந்துவிட்டதைச் சொல்லுங்கள்: "அத்தை, நீங்க கொடுத்த இட்லிக் குண்டான்லதான் இன்னைக்கு இட்லி ஊத்துனோம்." "எதுக்கு இவ்வளவு செலவு" என்று ஒரு தடவை சொல்லலாம், முறைதான். இரண்டாவது தடவை சொன்னால் விலையைக் கேட்கிற மாதிரி இருக்கும். சேலை, வேட்டிக்குப் பேச்சே வேண்டாம். அவர்கள் வரும் அடுத்த விசேஷத்துக்கு உடுத்திக்கொண்டு போய் நின்றால் சரி.

கணவர் வழி உறவுக்குக் கணவரேதான் பேச வேண்டும். மனைவியைப் பேச விட்டுவிட்டு டிவி பார்க்கிற வேலை வேண்டாம்.

4. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று பட்டியல் போட்டு நன்றி சொல்லவே சொல்லாதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்கும் எவர்சில்வர் தூக்குவாளியும் ஒரே படத்தில் வந்தால் தூக்குவாளி கொடுத்தவர் அடுத்த தடவை வரவே யோசிப்பார். தனித்தனியாக அனுப்புங்கள்.

5. திருப்பிச் செய்வது. அவர்கள் வீட்டு விசேஷப் பத்திரிகை வந்ததும் நோட்டைப் புரட்டி, வந்ததற்குக் கொஞ்சம் மேலே வைத்துச் செய்யுங்கள். 500 வந்திருந்தால் 501 வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: சுவர்க் கடிகாரம் நாலைந்து வந்துவிட்டதே, எதை மாட்டுவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அடிக்கடி வீட்டுக்கு வந்து போகிறவர் கொடுத்ததை ஹாலில் மாட்டுங்கள், வெளியூர்க்காரர் கொடுத்தது படுக்கையறைக்கு. மிச்சத்தை வேறு விசேஷத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் சொந்தத்துக்குள் வேண்டாம், அலுவலக வட்டத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் என்றால் அடியைத் திருப்பிப் பாருங்கள். பெயர் வெட்டியிருந்தால் அது உங்கள் வீட்டை விட்டு எங்கும் போகக் கூடாது.