வீட்டு பீர் புளித்து முடிந்ததா? ஹைட்ரோமீட்டரைக் கேளுங்கள்

ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும், கலன் மூடியிலுள்ள அடைப்பு) குமிழி நின்றுவிட்டது என்று பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள். மூடி லேசாகக் கசிந்தாலே குமிழி வராது. புளித்து முடிந்த பிறகும் அறை சூடானால் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி விடும். நம்ப வேண்டியது ஹைட்ரோமீட்டரைத்தான்: சர்க்கரை புளிக்கப் புளிக்க இறங்கும் திரவ அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி அது.

ஈஸ்ட் போடுமுன் அடர்த்தி அளவு 1.050 (தண்ணீருக்கு 1.000) என்றால், சாதாரண ஏல் வகை பீர் பெரும்பாலும் 1.010–1.014இல் வந்து நிற்கும். ஏழாம் நாள் வாக்கில், கிருமிநீக்கிய குழாயால் 100 மி.லி. எடுத்து, இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி ஊற்றி வாயுவைப் போக்குங்கள். குமிழிகள் கருவியில் ஒட்டினால் அது மேலே மிதந்து, அளவு கூடுதலாகத் தெரியும். கருவியில் குறித்துள்ள வெப்பநிலையில், பெரும்பாலும் 20 டிகிரியில், கண்மட்டத்தில் வைத்துப் படியுங்கள். மாதிரியைத் திரும்ப ஊற்றக் கூடாது, சுவைத்துப் பாருங்கள். வெண்ணெய் வாசம் அடித்தால் ஈஸ்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

மூன்று நாள் கழித்தும் அதே அளவு, அதுவும் எதிர்பார்த்த எல்லைக்குள் என்றால், முடிந்தது. 1.020இலேயே நின்றால் பெரும்பாலும் குளிர்தான் காரணம்: 20–21 டிகிரிக்கு ஏற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி கலனை மெதுவாகச் சுழற்றுங்கள். 1.020இல் இருக்கும்போதே அடைத்தால் பாட்டில் வெடிக்கக்கூடும்.