கேட்ச் கேன் மாட்டப்போய் டர்போவை மாற்றிய கதை

போன வாரம் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். கையில் புது அலுமினிய கேட்ச் கேன் (எஞ்சினிலிருந்து வரும் வாயுவில் இருக்கும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா), இரண்டு மீட்டர் ஹோஸ், ஒரு டி ஜாயின்ட். "அண்ணே, ரெண்டு லைனையும் இதுல சேர்த்து விட்டுருங்க, போதும்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே டி ஜாயின்ட்டால் நான் பட்டது அப்படி.

கிளாம்ப் இறுக்க மறப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதை எஞ்சினே சொல்லிக்கொடுத்துவிடும்.

இரண்டு லைனையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு, ஆயில் ஆவியையும் கூட்டிக்கொண்டு எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேர்கிறது. டர்போ பெட்ரோல் எஞ்சினில் அது வெளியேறப் பொதுவாக இரண்டு வழி. ஐட்லிங்கிலும் நிதான ஓட்டத்திலும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும், அதுவே இழுத்துக்கொள்ளும். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறினால் அங்கே வெற்றிடம் போய் அழுத்தம் வந்துவிடும். அப்போது அந்த வழி மூடிக்கொண்டு, டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாய் வழியாக வாயு போக வேண்டும். மூடுகிற வேலை, ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் ஒரு சின்ன செக் வால்வுடையது. பழைய ஹோஸ்களைக் கழற்றி எறியும்போது அதுவும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

நான் எறிந்தது நண்பனின் ஸ்கோடா ஆக்டேவியா காரில். 1.8 டர்போ, 20 வால்வு. செக் வால்வு இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே கேனில் சேர்த்தேன். டர்போ பக்கம் கைக்குக் கிடைத்த ஒல்லி ஹோஸ். ஐட்லிங் கொஞ்சம் ஏறி நின்றது. த்ராட்டில் பாடியில் அழுக்கு என்று விட்டுவிட்டேன். நீலாம்பூர் பைபாஸில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் ஆயில் கருகும் வாசம். பானெட்டைத் திறந்தால் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் பாதி வெளியே, சுற்றிலும் ஆயில். அப்போதாவது யோசித்திருக்கலாம். நான் டிப் ஸ்டிக்கை கேபிள் டை போட்டுக் கட்டினேன்!

அந்த வழியையும் கட்டிவிட்டால் அழுத்தம் சும்மா இருக்குமா? கிராங்க்கின் பின் ஆயில் சீல் கசிய ஆரம்பித்தது. சீல் விலை சொற்பம். அதைத் தொட கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அடுத்து சைலென்சரில் நீலப் புகை. "டர்போ போச்சுடா" என்று தீர்ப்புச் சொல்லி, வேறு டர்போ வாங்க வைத்தேன். மாட்டிய பிறகும் அதே புகை.

டர்போ பேரிங்குக்கு ஆயில் பிரஷரில் போகிறது, திரும்புவது தன் எடையில், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் விழுந்துதான். கிராங்க்கேஸில் அழுத்தம் நின்றால் அது இறங்காது. டர்போவுக்குள் இருக்கும் சீல் மெல்லிய உலோக வளையம். தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுக்க அதால் முடியாது. பழைய டர்போவில் ஒரு குறையும் இல்லை. எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் நண்பன் இன்றும் "டர்போ சௌக்கியமா?" என்று கேட்கிறான்.

மேனிஃபோல்டுக்கும் கேனுக்கும் நடுவே செக் வால்வு கட்டாயம். வாயால் ஊதிப் பாருங்கள்: கேன் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், மேனிஃபோல்டு பக்கமிருந்து போகக் கூடாது. ஒரே கேன் என்றால் டர்போ பக்க லைனுக்கும் தனியாக ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஐட்லிங்கில் மேனிஃபோல்டு கிராங்க்கேஸை விட்டுவிட்டு அந்தப் பக்கக் காற்றையே இழுக்கும். மீன் தொட்டிக்குப் போடும் வால்வை மாட்டி ஒருவர் வந்தார். சூட்டையும் ஆயிலையும் அது எத்தனை நாள் தாங்கும்?

இப்போதெல்லாம் டிப் ஸ்டிக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸை வண்டிக்குள் கொண்டுவந்து பிரஷர் மீட்டரில் சொருகி ஓட்டிப் பார்க்காமல் நான் வண்டியைக் கொடுப்பதில்லை. முழு பூஸ்ட்டிலும் முள் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

ஒல்லி ஹோஸ்

எஞ்சினில் 19 மி.மீ. வாய் இருந்தால் ஹோஸும் 19 மி.மீ. சாதா சிலிக்கான் ஹோஸ் பளபளப்பாக இருக்கும், ஆனால் ஆயில் அதில் ஊறி வெளியே கசியும். ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ் கேளுங்கள். வெற்றிடத்தில் சப்பிப் போகாத தடிமனில்.

வெளியே திறந்து விடுவது

கேன் தலையில் குட்டி ஃபில்டரை வைத்துவிட்டு மேனிஃபோல்டு லைனையும் அப்படியே விட்டால், ஏர் ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று உள்ளே போகும்; செக் எஞ்சின் விளக்கு எரியும். சாலை வண்டிக்கு இது சட்டப்படியும் ஆகாது. ரேஸ் வண்டி வேறு கணக்கு. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதியில் 2000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கேன், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.

வெறும் டப்பா

உள்ளே தடுப்பு இல்லாவிட்டால் ஆவி வந்த வழியே போய்விடும். அதற்காகப் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் வுல்லைத் திணிக்காதீர்கள். அதன் துகள் நேரே டர்போவின் கம்ப்ரஸருக்குப் போகும்.

எக்ஸாஸ்ட் பக்கத்தில் மாட்டுவது

வேண்டாம்.

காலி செய்யாமல் விடுவது

குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் கேனுக்குள் மோர் மாதிரி இருக்கும். பெரும்பாலும் ஈரமும் ஆயிலும் கலந்ததுதான். கூலன்ட் குறையவில்லை என்றால் ஹெட் கேஸ்கட் போச்சென்று பதற வேண்டாம். ஆனால் கேன் சீக்கிரம் சீக்கிரம் நிரம்பினால் பெரிய கேன் தேடாமல், சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரஷன் பாருங்கள். அந்தத் தம்பியின் வண்டிக்கும் முதலில் அதைத்தான் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் இறங்கியிருந்தது. கேன் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது.