சர்வர் பூட் ஆகவில்லையா? எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

சென்னையில் மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் ஒரு ஏரியாவை எடுத்துக்கொண்டால், காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத்தான் வரும். சின்ன அலுவலகத்து யு.பி.எஸ். அவ்வளவு நேரம் தாங்காது. சர்வரை ஆஃப் செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். கரண்ட் வந்த கையோடு, சர்வர் பார்த்துக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கு ஃபோன் வரத் தொடங்கும்: "சார், சர்வர் ஆன் ஆகல." காலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷின். 5 மணி நேரத்தில் அதற்கு என்ன வந்தது?

பெரும்பாலும் அந்த 5 மணி நேரத்தில் எதுவும் வந்திருக்காது. ஒரு வருஷமாக ரீஸ்டார்ட்டே பார்க்காத சர்வரில் எப்போதோ செய்த ஒரு மாற்றம், தீர்ந்துபோன ஒரு பேட்டரி, பாதியில் நின்ற ஒரு அப்டேட் எல்லாம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மறுபடி பூட் ஆகும்போதுதான் அவை வெளியே தெரியும். அந்தப் பதற்றத்தில் ஆளாளுக்கு எதையோ செய்யப்போய், நன்றாக இருந்த டேட்டாவும் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரியாமல் எதிலும் கை வைக்கக் கூடாது. நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

பூட் ஆகும் வரிசை

பவர் சப்ளை நிலைக்கு வந்ததும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள் ஓடத் தொடங்கும். பழைய மிஷின்களில் அது பயாஸ், இப்போதையவற்றில் யு.இ.எஃப்.ஐ. ப்ராசஸர், மெமரி, கார்டுகள் எல்லாவற்றையும் சோதித்துத் தயார்படுத்துவது அதன் வேலை. இதைத்தான் போஸ்ட் என்கிறோம். அப்புறம் எங்கிருந்து பூட் செய்வது என்று தன் பட்டியலைப் பார்க்கும். பயாஸ் என்றால் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். யு.இ.எஃப்.ஐ. என்றால் டிஸ்க்கில் ஃபேட் வடிவில் தனியாகப் பிரித்திருக்கும் சின்ன இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனுக்குப் போய், ஓ.எஸ்.ஸை ஏற்றும் பூட்லோடரை எடுக்கும்.

லினக்ஸில் பூட்லோடர் பெரும்பாலும் க்ரப். அது ஓ.எஸ்.ஸின் மையமான கெர்னலையும், கூடவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன தற்காலிக ஃபைல் சிஸ்டத்தையும் மெமரியில் ஏற்றும். ஓ.எஸ். இருக்கும் நிஜமான ரூட் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கத் தேவையான டிரைவர்கள் அந்தத் தற்காலிக ஃபைல் சிஸ்டத்தில்தான் இருக்கும். ரூட் கிடைத்ததும் சிஸ்டம்டி முதல் ப்ராசஸாக எழுந்து மற்ற டிஸ்க்குகளை மவுண்ட் செய்யும், அதாவது பயன்படுத்தும்படி இணைக்கும். நெட்வொர்க், டேட்டாபேஸ் என்று ஒவ்வொன்றாகக் கிளப்பும்.

இந்த வரிசை மனதில் இருந்தால் திரையே பாதி வேலையைச் செய்துவிடும். ஃபேன் ஓடுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் பவர், மெமரி, போர்டு. "நோ பூட் டிவைஸ்" என்றால் ஃபர்ம்வேருக்கு பூட் செய்யத்தக்க டிஸ்க் கிடைக்கவில்லை. "க்ரப் ரெஸ்க்யூ" என்று நின்றால் க்ரப்புக்குத் தன் ஃபைல்கள் கிடைக்கவில்லை. ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று கெர்னல் பேனிக் (கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிடுவது) வந்தால் இனிட்ராம்எஃப்எஸ் பக்கம் பாருங்கள். "எமர்ஜென்சி மோட்" வந்தால் பெரும்பாலும் கெர்னல், ரூட் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, கடைசிப் படியில் ஏதோ ஒன்று தடுக்கிறது. ஃபோனில் "ஆன் ஆகல" என்று கேட்டதும் திரையை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். மெசேஜ்கள் வேகமாக ஓடினால் வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள்.

பொறுக்காமல் பட்டனை அழுத்துவது

நூற்றுக்கணக்கான ஜி.பி. மெமரி உள்ள சர்வர், மெமரியைச் சோதித்துப் பழக்கப்படுத்தவே பல நிமிஷம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரையில் ஒன்றும் இருக்காது. மெமரி மாற்றிய பிறகோ, ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகோ வரும் முதல் பூட் இன்னும் நீளும். லேப்டாப் வேகத்துக்குப் பழகியவர்கள் 2 நிமிஷத்தில் பட்டனை அழுத்திப் பிடித்துவிடுகிறார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். உள்ளே ஃபர்ம்வேர் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படிச் செய்தால் போர்டே போய்விடலாம். 10, 15 நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே நிஜ சர்வர்களில் ஒரு தனிச் சிப் உண்டு. டெல்லில் ஐடிராக், எச்.பி.இ.யில் ஐலோ. சர்வர் ஆஃபில் இருந்தாலும், ப்ளக்கில் கரண்ட் இருந்தால் அது விழித்திருக்கும். எந்த மெமரி ஸ்லாட்டில் பிழை, எந்தப் பவர் சப்ளை எத்தனை மணிக்குப் போனது என்று தன் லாகில் எழுதி வைத்திருக்கும். இவ்வளவு வசதிக்கும் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அந்தச் சிப்புக்கான நெட்வொர்க் போர்ட்டில் கேபிளே செருகாமல் விட்ட அலுவலகங்கள்தான் அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றபோது, ஆபீஸ் வாசல் வரை போகவே வழியில்லை. அப்படிப்பட்ட நாளில் கரண்ட் திரும்பி வந்தால், வீட்டிலிருந்து சர்வரின் திரையைப் பார்க்க அந்த ஒரு கேபிள்தான் வழி. ஆனால் அதை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைத்துவிடாதீர்கள், வி.பி.என்.னுக்குப் பின்னால் இருக்கட்டும்.

ரெய்டு கேட்கும் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்வது

மற்ற தவறுகள் நேரத்தைத்தான் தின்னும். இது டேட்டாவையே தின்றுவிடும். கரண்ட் திரும்பியதும், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு கன்ட்ரோலர் சில நேரம் சில டிஸ்க்குகளைக் காட்டி "ஃபாரின் கான்ஃபிகரேஷன்" என்று, அதாவது இவற்றில் உள்ள ரெய்டு அமைப்பு என்னுடையதாகத் தெரியவில்லை என்று சொல்லும். இம்போர்ட் செய்யவா, க்ளியர் செய்யவா என்று கேட்கும். ஃபாரின் என்றதும் ஏதோ வேண்டாதது என்று நினைத்து க்ளியர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதோடு நிற்காமல் புதிதாக ரெய்டு உருவாக்கி இனிஷியலைஸும் கொடுத்துவிட்டால், டிஸ்க்கில் இருந்ததை மீட்பது லேசுப்பட்ட காரியமில்லை.

ஒரே நேரத்தில் 2, 3 டிஸ்க் காணாமல் போனால் அத்தனையும் ஒன்றாகச் செத்துப்போயிருக்க வாய்ப்பு குறைவு. டிஸ்க்குகளைச் செருகும் பேக்பிளேன், கேபிள், அதற்குப் போகும் பவர் இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். மிஷினை முறையாக ஆஃப் செய்து, கேபிள்களை அழுத்திவிட்டுப் பாருங்கள். டிஸ்க்கை வெளியே எடுக்கும் முன் எந்த ஸ்லாட்டில் எது என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். இம்போர்ட் கொடுக்கும் முன்பும் கன்ட்ரோலர் லாகைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் முன்பே கழன்றுபோன டிஸ்க் ஒன்று இன்றைக்குத் திடீரென்று உயிர்பெற்று வந்திருந்தால், அதில் இருப்பது பழைய டேட்டா. அதைச் சேர்க்கக் கூடாது. டிஸ்க்குக்குப் போகும் முன் டேட்டா தங்கும் கேஷில் எழுதப்படாமல் மீதி இருக்கிறது, அழித்துவிடவா என்று கேட்டாலும் அப்படித்தான்: கரண்ட் போன கடைசி நிமிஷத்தில் போட்ட பில்கள் அதற்குள் இருக்கலாம். பேக்கப் நிஜமாகவே ரீஸ்டோர் ஆகிறதா என்று தெரியும் வரை க்ளியர், இனிஷியலைஸ் பக்கம் போகாதீர்கள்.

டிஸ்க் தெரியவில்லை என்பதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட். ப்ளக்கில் கரண்ட் இருக்கும் வரை அது தீர்ந்திருப்பதே தெரியாது. மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தால்தான் தெரியும். தேதி எங்கோ பழைய வருஷத்துக்குப் போய் நிற்கும். பல போர்டுகளில் செட்டிங்குகளும் சேர்ந்து அழியும்: யு.இ.எஃப்.ஐ. பூட் இருந்த இடத்தில் லெகஸி (பழைய பயாஸ் முறை), ரெய்டு இருந்த இடத்தில் ஏ.ஹெச்.சி.ஐ. (ரெய்டு இல்லாத முறை). டிஸ்க்கில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் "ஓ.எஸ். போச்சு" என்று மறுபடி இன்ஸ்டால் செய்யப் போய்விடுவார்கள். பயாஸில் தேதி தப்பாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும் பேட்டரி. மாற்றிய கையோடு நேரத்தையும் சரி செய்யுங்கள். கடிகாரம் 5 நிமிஷத்துக்கு மேல் தள்ளியிருந்தால், விண்டோஸ் நெட்வொர்க்கில் பயனர்களைச் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரி லாகின்கூட வேலை செய்யாது. செட்டிங்குகள் எல்லாவற்றையும் நன்றாக இருக்கும்போதே ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தால் இது 10 நிமிஷ வேலை.

எமர்ஜென்சி மோடைப் பார்த்து ஃபார்மேட் செய்வது

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையின் பில்லிங் சர்வர். திரையில் "எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்" என்று ஒரு வரி, பக்கத்தில் நொடிகள் ஓடுகின்றன. 1 நிமிஷம் 30 நொடி ஆனதும் எமர்ஜென்சி மோட், ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு கொடு என்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி அதே 90 நொடி, அதே திரை. நான் போவதற்குள் ஒருவர் ஓ.எஸ். பென்டிரைவோடு வந்து, ஃபார்மேட் செய்ய அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வரியில் ஒரு டிஸ்க்கின் யூயூஐடி, அதாவது அதன் தனி அடையாள எண், இருந்தது. எந்தெந்த டிஸ்க்கை மவுண்ட் செய்வது என்று பட்டியல் இருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலைத் திறந்தால் அதே யூயூஐடி: பேக்கப் எடுக்கும் யு.எஸ்.பி. டிஸ்க். தீ, வெள்ளம் என்றால் ஒரு பிரதி வெளியே இருக்கட்டும் என்று அக்கவுண்டன்ட் அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அவர் செய்தது சரியான காரியம். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேலே போ என்று சர்வருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை, அதுதான் குறை. ரூட்டை எழுதும்படி ரீமவுண்ட் செய்து, அந்த வரியில் "நோஃபெயில்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தோம். சர்வர் வந்துவிட்டது.

எஃப்எஸ்டேபில் எழுதும்போது எஸ்டிஏ, எஸ்டிபி என்று டிஸ்க் பெயரைப் போடாதீர்கள். ஒரு டிஸ்க் கூடினாலோ குறைந்தாலோ அந்தப் பெயர்கள் இடம் மாறிவிடும், யூயூஐடி மாறாது. எழுதி முடித்ததும் "ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை", "மவுண்ட் -ஏ" இரண்டையும் ஓட்டிப் பிழை வருகிறதா என்று அப்போதே பாருங்கள்.

அந்தப் பட்டறையில் ரூட் பாஸ்வேர்டு ஒரு நோட்டில் இருந்தது. பல இடங்களில் யாருக்கும் தெரியாது. ரூட் அக்கவுண்ட்டே பூட்டப்பட்டிருக்கும் சில சிஸ்டங்களில் எமர்ஜென்சி ஷெல்லும் கிடைக்காது. தன்னிலிருந்தே ஓ.எஸ்.ஸை ஓட்டும் லைவ் பென்டிரைவ் வேண்டும். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மிஷின்கள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். தீர்வு என்னவோ சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிப்பதுதான். ஆனால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்ட மிஷினில் அந்தப் படிக்குப் போகவே ரிக்கவரி கீ தேவைப்பட்டது. பாஸ்வேர்டும் கீயும் அந்த சர்வருக்குள்ளேயே இருந்தால் பிரயோஜனமில்லை. பேப்பரில் அச்சடித்து பீரோவில் வையுங்கள்.

பழைய கெர்னலைத் துடைத்துவிடுவது

தனி பார்ட்டிஷனாக இருக்கும் பூட் ஃபோல்டர் நிரம்பியிருக்கும்போது கெர்னல் அப்டேட் போட்டால் இனிட்ராம்எஃப்எஸ் அரைகுறையாக எழுதப்பட்டு நிற்கலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த பூட்டில் பேனிக். க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் சர்வர் வந்துவிடும். அப்புறம் நிதானமாக இடத்தைக் காலி செய்து, டிராகட் வழியாகவோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் வழியாகவோ மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். இடம் வேண்டும் என்று பழைய கெர்னல் அத்தனையையும் நீக்கியிருந்தால் இந்த வழி அடைபடும். குறைந்தது ஒன்றாவது இருக்கட்டும்.

அதே மெனுவில் "இ" விசையை அழுத்தி, கெர்னல் வரியில் இருக்கும் "க்வைட்" என்பதை எடுத்துவிட்டு பூட் செய்தால், மறைத்து வைத்த மெசேஜ்கள் எல்லாம் தெரியும். சர்வர் வந்த பிறகு முந்தைய பூட்டில் என்ன நடந்தது என்று பார்க்க "ஜர்னல்சிடிஎல் -பி -1". வார்/லாக் அடியில் "ஜர்னல்" என்ற ஃபோல்டர் இல்லாவிட்டால் லாக் மெமரியோடு போய்விடும். இன்றைக்கே அதை உருவாக்கி வைத்துவிடுங்கள்.

அப்டேட் போட்டால் அந்த வாரமே ரீபூட் செய்து பார்க்க வேண்டும். 2020 ஜூலை கடைசியில் க்ரப்பில் இருந்த பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் கொடுத்த அப்டேட்டே சில மிஷின்களை பூட் ஆகவிடாமல் செய்தது. உடனே ரீபூட் செய்தவர்களுக்குக் காரணம் கண்முன்னே இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எந்த மாற்றத்தைச் சந்தேகப்படுவது? சர்வர் 400 நாளாக நிற்காமல் ஓடுகிறது என்றால் எனக்குப் பயம்தான் வரும்.

ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை, மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் ஓட்டவே கூடாது. எக்ஸ்எஃப்எஸ் வகை ஃபைல் சிஸ்டத்துக்கான ரிப்பேரில் "-எல்" என்பது, எழுதி முடியாத மாற்றங்கள் இருக்கும் லாகையே அழித்துவிடும்; ஒருமுறை மவுண்ட் செய்தால் தானே சரியாகிறதா என்று பார்த்த பிறகுதான் அது. டிஸ்க்கே ரீட் எரர் கொடுத்தால் ரிப்பேரை நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூ வைத்து வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். அப்புறம் பிரதியில் வேலை செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆன் செய்வது

கரண்ட் வந்ததும் ரேக்கில் உள்ள அத்தனையும் ஒன்றாகக் கிளம்பினால், நெட்வொர்க் வழியாக எல்லோருக்கும் டிஸ்க் இடம் கொடுக்கும் நாஸ் தயாராகும் முன்பே ஆப் சர்வர் அதைத் தேடி ஏமாந்துபோகும். டேட்டாபேஸ், மிஷின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸைத் தேடும், அது இன்னும் எழுந்திருக்காது. ஒவ்வொரு மிஷினும் தனித்தனியாக நன்றாக இருந்தும் ஒன்றும் வேலை செய்யாது. முதலில் ஏ.சி., நெட்வொர்க் ஸ்விட்ச்; அடுத்து நாஸ்; பிறகு டி.என்.எஸ்., ஆக்டிவ் டைரக்டரி, அதற்கப்புறம் டேட்டாபேஸ், கடைசியில் ஆப் சர்வர். நாஸிலிருந்து வரும் மவுண்ட்டுகளுக்கு எஃப்எஸ்டேபில் "_நெட்டெவ்", "நோஃபெயில்" இரண்டும் போடுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் வந்தாலும் இந்த வரிசை நடக்க, பல சர்வர்களின் பயாஸில் கரண்ட் திரும்பியதும் எத்தனை நொடி கழித்து ஆன் ஆக வேண்டும் என்று வைக்கலாம். ஆப் சர்வருக்கு அதில் உள்ள அதிகபட்ச நொடியையே கொடுங்கள். அதுவும் போதாவிட்டால் தானாக ஆன் ஆவதை நிறுத்திவிட்டு, நாஸ் வந்ததைப் பார்த்த பிறகு ஐடிராக் வழியாக ஆன் செய்யுங்கள்.