ஸ்டர்லென்னை எத்தனை தடவைதான் கூப்பிடுவது?

போடிமெட்டு வழியாக இறங்கும் ஏலக்காய் மூட்டைகளை எடைபோட்டு லேபிள் அடிக்கும் பெட்டிகளுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. உள்ளே இருப்பது எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்: 72 மெகாஹெர்ட்ஸ், 20 கிலோபைட் ராம். இந்தச் சின்ன இடத்தில் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) வேலையை வேகமாக முடிக்க வேண்டுமென்றால் முதலில் அளந்து பாருங்கள். வேலை தொடங்கும்போது சிப்பின் ஒரு பின்னில் மின்னழுத்தத்தை உயர்த்தி, முடிந்ததும் இறக்கி, ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் போதும்.

நான் அளந்தபோது மாட்டியது ஸ்டர்கேட், ஒரு ஸ்ட்ரிங்கின் முடிவில் இன்னொன்றை ஒட்டும் ஃபங்ஷன். நாள் கணக்கு அச்சடிக்கும்போது எடை காட்டும் எண் ஒரு கணம் தடுமாறும். 200 வரி, வரிக்கு 40 பைட், மொத்தம் 8,000 பைட்தான். ஆனால் ஸ்டர்கேட் ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்திலிருந்து நடந்துபோய் ஸ்ட்ரிங்கின் முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட்டைத் தேடுகிறது. கூட்டிப் பார்த்தால் 7,96,000 பைட் நடை. பைட்டுக்கு 5, 6 சைக்கிள் என்று வைத்தாலும் 60 மில்லிசெகண்ட். எடை சென்சாரோ 12.5 மில்லிசெகண்டுக்கு ஒரு அளவு தருகிறது. நாலைந்து அளவுகள் காணாமல் போகின்றன.

மருந்து எளிது: முடிவு எங்கே என்று ஒரு பாயின்டரில் (முகவரி வைக்கும் மாறி) வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரியை அங்கேயே மெம்காப்பி (பைட்களை அப்படியே நகலெடுக்கும் ஃபங்ஷன்) செய்து, பாயின்டரை நகர்த்துங்கள். பஃபரில் மிச்சம் எவ்வளவு என்பதையும் கூடவே கழித்துக்கொண்டே வாருங்கள். நீளம் தெரிந்த ஸ்ட்ரிங்கிடம் மறுபடி நீளம் கேட்காதீர்கள். லூப்பின் நிபந்தனையில் ஸ்டர்லென் (ஸ்ட்ரிங்கின் நீளத்தை எண்ணும் ஃபங்ஷன்) இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் ஸ்டர்லென்தான் இழுக்கிறது என்றால், நாலு நாலு பைட்டாகப் பார்க்கும் வித்தை உண்டு. 32 பிட் எண்ணாக எடுத்து, ஒவ்வொரு பைட்டிலும் 1 உள்ள எண்ணைக் கழியுங்கள். விடையை, மூல எண்ணின் பிட்களைத் தலைகீழாக்கியதோடும், ஒவ்வொரு பைட்டிலும் 128 உள்ள எண்ணோடும் ஆண்ட் (எல்லாவற்றிலும் 1 இருக்கும் பிட் மட்டும் 1 ஆகும்) செய்யுங்கள். பூஜ்யம் வராவிட்டால் அந்த நாலில் எங்கோ முடிவு இருக்கிறது.

அந்தத் தலைகீழ் ஆண்ட் எதற்கு என்று நான் ஒருமுறை தூக்கிவிட்டேன். ஆங்கில எழுத்தில் எல்லாம் ஒழுங்காக வந்தது. மறுநாள் காலையில் போன்: “தம்பி, மூட்டை லேபிள்ல ஏ-ன்னு மட்டும் வருதே?” தமிழ் எழுத்தின் யுடிஎஃப்-8 (எழுத்தை பைட்களாகச் சேமிக்கும் முறை) பைட் ஒவ்வொன்றும் 128 அல்லது அதற்கு மேல், 1 கழித்தாலும் மேல்பிட் (128-ஐக் குறிக்கும் பிட்) பெரும்பாலும் விழாது. அதை முடிவு என்று நம்பிய என் நிரல், முதல் மூன்று பைட்டிலும் பூஜ்யம் இல்லை, அப்படியென்றால் நாலாவதுதான் என்று 3-ஐத் திருப்பிவிட்டது. ‘ஏ’ சரியாக 3 பைட்.

இன்னொன்று, முகவரி 4-ஆல் வகுபடும் இடம் வரை பைட் பைட்டாக நடந்துவிட்டு அப்புறம் தாவுங்கள். கார்டெக்ஸ்-எம்0 சிப்பில் இதை மறந்தால் ஹார்ட்ஃபால்ட், நிரல் அங்கேயே நின்றுவிடும். சி விதிப்படி இந்த வித்தையே தப்பாட்டம்தான், ஸ்ட்ரிங்குக்கு வெளியேயும் படிக்கிறது. அதனால் கம்பைலரோடு வரும் லைப்ரரியின் ஸ்டர்லென்னை முதலில் அளந்து பாருங்கள். எனக்குக் கடைசியில் அதுவே போதுமாக இருந்தது.

குறிப்பிட்ட நீளம் வரை ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்டர்என்காப்பியை நான் தொடுவதில்லை. இடம் நிறைந்தால் கடைசியில் பூஜ்யம் வைக்காது. மிச்சம் இருந்தால் அத்தனையையும் பூஜ்யத்தால் நிரப்பும்.

இடம் போதாமல் ஸ்ட்ரிங்கை வெட்டும்போதும் கவனம் வேண்டும். ‘ஏலக்காய்’ கண்ணுக்கு 5 எழுத்து, நினைவகத்தில் 24 பைட். 20 பைட்டில் வெட்டினால் ‘ய’ பாதியில் உடைந்து அச்சில் கட்டம் விழும். வெட்டிய இடத்தில் தொடங்கும் பைட்டின் மேல் இரண்டு பிட்கள் 10 என்று இருக்கும்வரை பின்னால் வாருங்கள், 18-இல் நிற்கும். லேபிளில் ‘ஏலக்கா’ என்று வந்தது, ஊரில் அப்படித்தான் சொல்வதால் யாரும் கேட்கவில்லை. 17-இல் வெட்டியிருந்தால் ‘ஏலக்க’ ஆகியிருக்கும். ஆகவே அடுத்து வருவது கால், கொம்பு, புள்ளி என்றால் இன்னும் ஒரு எழுத்து பின்வாங்க வேண்டும். இடுக்கித் தோட்டத்துப் பெயர்கள் மலையாளத்தில் வரும். அதிலும் எழுத்துக் குறிக்கு 3 பைட்தான், குறிகளின் எண் வரம்பை மட்டும் மாற்றிக் கொடுத்தால் இதே ஃபங்ஷன் ஓடும்.