ஆகாயத்தாமரையும் கன உலோகமும்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவி தன் தொட்டியைக் காட்டினார். போரூர் ஏரியில் எடுத்த ஆகாயத்தாமரை, தண்ணீரில் ஈய நைட்ரேட். "பத்து நாள் ஆச்சு சார், ஒரு மரபணுவும் அசையலை" என்றார். ஈயம் பட்டதும் செடியின் எந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் அவர் ஆய்வு. தொட்டியின் அடியில் கோலமாவு தூவியதுபோல் வெள்ளையாக ஒரு படிவு. எனக்கு வயிறு கலங்கியது. கையுறை, பைப்பெட் பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். இதை யாரும் சொல்வதில்லை.

ஈயம் வேருக்குப் போய்ச் சேர்ந்ததா?

செடி வளர ஹோக்லாந்து என்ற சத்துக்கரைசல் ஊற்றுகிறோம். அதில் பாஸ்பேட்டும் சல்பேட்டும் உண்டு. இரண்டும் ஈயத்தைப் பிடித்து, கரையாத உப்பாக அடியில் உட்கார வைத்துவிடும். இரும்புக்காகச் சேர்க்கும் இ.டி.டி.ஏ. என்ற, உலோகத்தைக் கவ்விப்பிடிக்கும் வேதிப்பொருளும் தன் பங்குக்குக் கொஞ்சத்தைக் கட்டிப்போடும். நாம் நோட்டில் எழுதும் அளவு ஒன்று, வேருக்குக் கிடைப்பது வேறு.

இதே வெள்ளைப் படிவைத் தினமும் பார்த்துக்கொண்டே ஏழு மாதம் தொலைத்தவன் நான். மரபணுவின் வேலையை அளக்க ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட் இரண்டு தீர்ந்தது. "இந்தச் செடி ஈயத்துக்கு அசையாது" என்று ஒரு கருத்தரங்கில் பேசியும்விட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

உலோகம் சேர்க்கும் நாட்களில் பாஸ்பேட்டை நிறுத்துங்கள், கரைசலையும் நன்றாக நீர்க்கச் செய்யுங்கள். உலோகம் சேர்க்காத கட்டுப்பாட்டுத் தொட்டிக்கும் அதே கரைசல்தான், ஏனென்றால் பாஸ்பேட் பற்றாக்குறையே சில மரபணுக்களைத் தூண்டிவிடும். மேல்தண்ணீரை வடிகட்டி, அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் ஈயத்தை அளந்து பாருங்கள். அப்புறம் வேர். அளக்கும் முன் அதை இ.டி.டி.ஏ. கரைசலில் அலசுங்கள். இல்லையென்றால் வெளியே ஒட்டிய ஈயமும் உள்ளே போன கணக்கில் சேர்ந்துவிடும்.

ஃபைட்டோகெலட்டினுக்கு மரபணு தேடுவது

மெட்டல்லோதயோனின், ஃபைட்டோகெலட்டின் இரண்டும் செல்லுக்குள் உலோகத்தைப் பிடித்துவைப்பவை. மெட்டல்லோதயோனின் மரபணுவிலிருந்து நேராக வரும் புரதம். ஃபைட்டோகெலட்டின் அப்படியல்ல, குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்து ஒரு நொதி செய்வது. அந்த நொதி பெரும்பாலும் செல்லில் ஏற்கெனவே தயாராக இருக்கும், காட்மியம் வந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். அதன் ஆர்.என்.ஏ. ஏறவில்லை என்பதற்காகச் செடி சும்மா இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஃபைட்டோகெலட்டினையே அளங்கள்.

ஆக்டினை மட்டும் நம்புவது

மற்ற மரபணுக்களை ஒப்பிட, மாறாதது என்று நம்பி வைக்கும் மரபணு ஆக்டின். உலோகம் அதையும் அசைக்கலாம். இரண்டு மூன்று ஒப்பீட்டு மரபணுக்களைச் சோதித்து, நிலையாக இருப்பதை வையுங்கள். ஒரே ஒரு சி.டி. (பி.சி.ஆர். கருவியில் ஆர்.என்.ஏ. அளவைக் காட்டும் சுழற்சி எண்) நகர்ந்தாலும் கணக்கு இரண்டு மடங்கு மாறும்.

கூவத்துச் செடி கட்டுப்பாடாக

வேண்டாம். அது ஏற்கெனவே உலோகம் பார்த்த செடி.

மே மாத மொட்டை மாடி

உலோகம் தூண்டும் அதே ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மரபணுக்களைத்தான் வெயிலும் தூண்டும். தொட்டியை உள்ளே கொண்டுபோங்கள்.